அரை லட்சத்தில் கேமிங் கம்ப்யூட்டர்: காசை எங்கே வைப்பது?

சேலத்திலிருந்து வலசையூர் தாண்டி வந்தால் எங்கள் குப்பனூர். கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்குப் போகும் இரண்டாவது மலைப்பாதை இங்கிருந்துதான் ஏறுகிறது. பெரிய பாதையில் மழைக்கு மண் சரிந்தால் வண்டிகளை எங்கள் ஊர் வழியாகத் திருப்பி விடுவார்கள். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ரீசார்ஜ், கூடவே கம்ப்யூட்டர் அசெம்பிளியும் சர்வீசும் என்று இந்த ஊரில் சின்னதாக ஒரு கடை நடத்துகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஓர் உதிரிபாகக் கடையில் வேலை பார்த்தேன். தொழில் கற்றது அங்கேதான்.

பள்ளி முடித்துக் காலேஜ் சேரும் மாதங்களில் அப்பாவும் பிள்ளையுமாக வருவார்கள். அடிவாரத்து ஊர்க்காரர்களும் வருவார்கள், மேலே காபித் தோட்டங்களில் வேலை பார்ப்பவர்களும் வருவார்கள். அப்பா தொகையைச் சொல்வார்: "நாப்பத்தஞ்சு, மிஞ்சிப்போனா அம்பது. அதுக்குள்ள முடிச்சுக் குடும்மா." பிள்ளை, யூடியூபில் பார்த்து மனப்பாடம் செய்துவைத்த ஒரு கிராபிக்ஸ் கார்டின் பெயரைச் சொல்லும். நான் இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்பேன். என்ன கேம் ஆடப் போறே? எந்த மானிட்டர்? வீட்டுல கரண்ட் எப்படி?

இந்த மூன்றுக்கும் நேரான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கையில் லட்சக்கணக்கில் இருப்பவர் எல்லாப் பாகத்திலும் பெரியதை வாங்கிக்கொள்ளலாம். ஐம்பதாயிரம் வைத்திருப்பவர், ஒரு பாகம் இன்னொரு பாகத்துக்காகக் காத்துக் கிடக்காதபடி பணத்தைப் பங்கிட வேண்டும். அந்தப் பங்கீட்டைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஆட்டம், பிறகு பெட்டி

ஃபுல் எச்டி திரையில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080 புள்ளிகள். பெருக்கினால் 20,73,600. நொடிக்கு 60 படம் ஓட வேண்டுமென்றால் ஒவ்வொரு நொடியும் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட்டாக வேண்டும். ஒரு படத்தை வரைய கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி செகண்ட். அதற்குள் முடியாதபோதுதான் பிள்ளைகள் "லேக் ஆகுதுக்கா" என்கிறார்கள். 4கே திரை என்றால் புள்ளிகள் நான்கு மடங்கு. அதனால் அரை லட்சம் பட்ஜெட்டில் ஃபுல் எச்டிக்கு மேல் ஆசைப்பட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

அடுத்தது ஆட்டம். 2020இல் வந்த வேலரண்ட், குறைந்த திறனுள்ள கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும் என்று யோசித்தே செய்யப்பட்டது. கவுன்டர் ஸ்ட்ரைக் 2 அதைவிடக் கனம். நல்ல பிராசஸரைக் கேட்கும். ஜிடிஏ 5 கம்ப்யூட்டருக்கு வந்தது 2015இல், இன்றைய சாதாரணக் கார்டுகளுக்கு அது சுமையே இல்லை. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, சைபர்பங்க் 2077 போன்றவைதான் கிராபிக்ஸ் கார்டைப் பிழிந்தெடுப்பவை.

கடைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்லும் ஆட்டம் ஒன்று உண்டு. 2023இல் வந்த 'வெண்பா'. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. இட்லி ஊற்றுவதும் புட்டு அவிப்பதும்தான் அதில் ஆட்டமே. டொராண்டோவின் விசாய் கேம்ஸ் செய்த அந்தச் சின்ன விளையாட்டு, 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதை வாங்கியது. சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். கனமான கார்டு இல்லாவிட்டால் நல்ல ஆட்டமே இல்லை என்று நினைக்கும் பிள்ளைகள் அதை ஒருமுறை ஆடிப் பார்க்க வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸைத் தனியாக அங்கீகரிக்கிறது. நான் இங்கே பேசுவது பிள்ளைகள் விளையாடும் விளையாட்டைப் பற்றி. பணம் வைத்து ஆடுவதையும் இதையும் ஒரே தட்டில் வைத்துப் பயப்பட வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டு: கிட்டத்தட்டப் பாதிப் பணம்

கேம் ஆடத்தான் கம்ப்யூட்டர் என்றால், மொத்தத்தில் நாற்பது முதல் நாற்பத்தைந்து சதவீதம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். மேலே சொன்ன 12 கோடிப் புள்ளிகளையும் வரைவது அதுதான்.

விளம்பரங்களில் "4 ஜிபி கிராபிக்ஸ்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். கார்டில் எத்தனை ஜிபி நினைவகம் என்பது பாதிக் கதை. அந்த நினைவகத்திலிருந்து நொடிக்கு எவ்வளவு தகவல் வெளியே வருகிறது என்பது மீதிக் கதை. 2014இல் வந்த ஜிடி 730 கார்டின் 64 பிட் டிடிஆர்3 வகையில் நொடிக்கு 14.4 ஜிபி வரும். 2021 அக்டோபரில் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6600இல் நொடிக்கு 224 ஜிபி. முன்னதில் 4 ஜிபி போட்டாலும் 40 ஜிபி போட்டாலும் இன்றைய ஆட்டம் ஓடாது.

நான் பல காலமாகச் சிபாரிசு செய்வது அந்த ஆர்எக்ஸ் 6600 கார்டைத்தான். 8 ஜிபி நினைவகம், 132 வாட் மின்சாரம், ஒரே ஒரு 8 பின் கனெக்டர். ஃபுல் எச்டியில் பெரும்பாலான ஆட்டங்களை நல்ல தரத்தில் 60 படத்துக்குக் கொண்டுபோய்விடும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 பெயர் பெற்றது, ஆனால் ஆட்டத்தில் இதைவிட வேகம் குறைவு. அந்தப் பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என இரண்டு கார்டுகள் வேறு உண்டு. 6 ஜிபி கார்டு, நினைவகம் குறைந்த அதே கார்டு என்று நினைத்துவிடாதீர்கள். அதன் சிப்பிலேயே கணக்கிடும் அலகுகள் குறைவு. பில்லில் எந்த ரகம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். கையில் இன்னும் எட்டு, பத்தாயிரம் இருந்தால் 115 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 4060, 12 ஜிபி நினைவகமுள்ள இன்டெல் ஆர்க் பி580 இவற்றையும் விலை கேட்கலாம்.

பிள்ளை ஆட்டத்தோடு அனிமேஷனோ, ஏஐயோ படிக்கப் போகிறது என்றால் என் பதில் மாறும். அந்தத் துறை மென்பொருள்கள் பலவும் என்விடியாவின் குடா முறையை நம்பி எழுதப்பட்டவை. அப்போது ஆட்டத்தில் கொஞ்சம் வேகம் போனாலும் பரவாயில்லை, 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் கார்டே நல்லது.

ஜிடிஎக்ஸ் 1650 போன்ற பழைய கார்டுகளைப் புதிதாக வாங்க வேண்டாம். இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற ஆட்டங்கள் ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டில் தொடங்குவதேயில்லை. இனிமேல் வருபவற்றிலும் அந்த நிபந்தனை கூடிக்கொண்டுதான் போகும்.

"கோர் ஐ7, வெறும் இருபத்தஞ்சாயிரம்"

இந்த விளம்பரத்தைப் போனில் காட்டி, "இது ஐ7, நீங்க ஐ3 போடச் சொல்றீங்களே அக்கா?" என்று கேட்காத பிள்ளை குறைவு. இணையத்தில் அந்த விலைக்கு விற்கும் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஐ7-2600 அல்லது ஐ7-3770. முன்னது 2011, பின்னது 2012ஆம் வருடத்துச் சரக்கு. கழித்துக் கட்டிய ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து பிராசஸரைக் கழற்றி, புது மதர்போர்டில் உட்கார வைத்து, ஜிடி 730 கார்டும் வண்ண விளக்கு ஃபேனும் சேர்த்து விற்கிறார்கள்.

2022 ஜனவரியில் வந்த ஐ3-12100எஃப் பிராசஸரிலும் நான்கு கோர், எட்டு த்ரெட். ஐ7-3770இலும் நான்கு கோர், எட்டு த்ரெட். எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு கோரும் செய்யும் வேலையைப் பார்த்தால் புதிய ஐ3 அந்தப் பழைய ஐ7ஐ வெகுதூரம் பின்னால் விட்டுவிடும். மொத்த வேலைத்திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பும் ஐ7-3770இல் கிடையாது. அது இன்டெல் பிராசஸர்களில் வந்ததே 2013இல்தான். அதைக் கேட்கும் புதிய ஆட்டங்கள் பழைய பெட்டியில் திறக்காமலேயே நின்றுவிடும். விண்டோஸ் 11க்கும் அது தகுதி பெறாது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இல் வேலரண்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் வேண்டும். இருபத்தைந்தாயிரம் கொடுத்து அந்தப் பெட்டியை வாங்கிய வீட்டில், ஒரு வருடத்துக்குள் மறுபடி முதலிலிருந்து செலவு ஆரம்பிக்கும்.

ஏஎம்டி பக்கம் ரைசன் 5 5600 நல்ல தேர்வு. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 32 எம்பி கேஷ். விலை ஐ3ஐவிடக் கூடுதல். கவுன்டர் ஸ்ட்ரைக் போன்ற ஆட்டங்களை 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆடுகிறவருக்கு அந்தக் கூடுதல் பணம் பலன் தரும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர் அந்தப் பணத்தைக் கார்டில் போடட்டும்.

இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் இருக்கும் எஃப் எழுத்தையும் கவனியுங்கள். அதில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு பழுதாகி சர்வீசுக்குப் போனால், அது திரும்பி வரும்வரை திரையில் ஒன்றுமே தெரியாது. வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், அதில்தான் பிள்ளை படிக்கவும் வேண்டும் என்றால், ஆயிரம் இரண்டாயிரம் கூடப் போட்டு எஃப் இல்லாத வகையை எடுக்கச் சொல்வேன்.

ஒரு பில்லின் கணக்கு

2025 நடுவில் மலைக் கிராமத்துப் பையன் ஒருவனுக்குச் செய்துகொடுத்த செட்டின் கணக்கைத் தருகிறேன். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து, நூறுகளில் முழுமையாக்கிய தொகைகள்:

பிராசஸர், ஐ3-12100எஃப்: 7,500
மதர்போர்டு, எச்610, டிடிஆர்4 வகை: 5,500
ராம், 8 ஜிபி இரண்டு, டிடிஆர்4 3200: 3,200
எஸ்எஸ்டி, 500 ஜிபி என்விஎம்இ: 3,000
கிராபிக்ஸ் கார்டு, ஆர்எக்ஸ் 6600: 20,000
எஸ்எம்பிஎஸ், 550 வாட் ப்ரான்ஸ்: 3,800
கேபினெட், ஃபேனோடு: 2,500
மொத்தம்: 45,500 ரூபாய்

மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ், விண்டோஸ் உரிமம் இதில் சேரவில்லை. மானிட்டர் அவன் வீட்டில் ஏற்கெனவே இருந்தது.

இந்தப் பட்டியலை இன்றைக்கு எடுத்துப் போனால் ராம் வரி உதைக்கும். 2025 கடைசியில் இருந்து ராம் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறியது. உலகத்துக்கு ராம் சிப் செய்து தருபவை பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள். ஏஐ டேட்டா சென்டர்கள் கேட்கும் நினைவகத்துக்கு லாபம் அதிகம் என்பதால் அவர்களின் உற்பத்தி அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. நம்மைப் போன்றவர்கள் கடையில் வாங்கிய க்ரூஷியல் பிராண்டு விற்பனையையே நிறுத்தப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. எங்கோ நடக்கும் ஏஐ போட்டிக்குக் குப்பனூரில் பில் வருகிறது.

இந்த நிலையில் என் யோசனை: டிடிஆர்5 கேட்கும் புதிய மேடைகளைத் தேடிப் போகாமல் டிடிஆர்4 போர்டிலேயே நில்லுங்கள். பழைய ராம் நல்ல நிலையில் கிடைத்தால் வாங்கலாம். ராமில் தேய்கிற பாகம் கிடையாது. மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனையை ஓட விட்டு, ஒரு பிழைகூட இல்லாமல் முடிந்தால் தைரியமாகப் போடலாம்.

ராம் வாங்கும்போது ஒரே 16 ஜிபியைவிட 8 ஜிபி இரண்டு மேல். டிடிஆர்4 3200 ராம் ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி தரும், ஜோடியாகப் போட்டால் 51.2 ஜிபி. எஸ்எஸ்டியில், 500 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். பெரிய ஆட்டம் ஒன்றே 100 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும்.

அந்த 100 ஜிபியை இறக்குவதும் எங்கள் பக்கம் பெரிய வேலை. 40 எம்பிபிஎஸ் இணைப்பில் ஐந்தரை மணி நேரம் ஆகும். மேலே, போன் டேட்டாவை மட்டும் நம்பி, ஒரு நாளைக்கு 2 ஜிபி என்று வாழும் வீடுகளில் ஐம்பது நாள். அதனால் பிள்ளையின் சொந்த ஸ்டீம் கணக்கிலேயே ஆட்டத்தைக் கடையில் இறக்கி, செட்டோடு கொடுத்தனுப்புகிறேன்.

கார்டுக்குப் பணம் இல்லாவிட்டால்

இருபத்தைந்து, முப்பதாயிரம்தான் முடியும் என்கிற வீடுகள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இரண்டு தவணைத் திட்டம். 2021இல் வந்த ரைசன் 5 5600ஜி பிராசஸருக்குள்ளேயே ஓரளவு கிராபிக்ஸ் இருக்கிறது. வேலரண்ட், மைன்கிராஃப்ட், ஜிடிஏ 5 எல்லாம் அமைப்பைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் நன்றாகவே ஓடும். அதற்குத் தனி நினைவகம் கிடையாது, ராமில் இருந்துதான் கடன் வாங்கும். ஆகவே இங்கே ராம் ஜோடியாக இருப்பது கட்டாயம். ஒன்றை மட்டும் போட்டால் வேகம் கண்கூடாகக் குறையும்.

அடுத்த வருடம் பணம் சேர்ந்ததும் ஆர்எக்ஸ் 6600 வகைக் கார்டைச் செருகிக்கொள்ளலாம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மட்டும் வேண்டாம். அந்தக் கார்டு போர்டோடு பேச நான்கே பாதைகளைப் பயன்படுத்துகிறது. 5600ஜி தருவதோ பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 வேகம். இரண்டும் சேர்ந்தால் கார்டு தன் திறனைக் காட்ட முடியாது. இந்தத் திட்டத்தில் எஸ்எம்பிஎஸ்ஸை முதல் தவணையிலேயே நல்லதாக வாங்கிவிட வேண்டும்.

யாரும் கேட்காத பாகம்

எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பதில்லை, அப்பாக்களும் கேட்பதில்லை. மலை ஏறும் கம்ப்யூட்டருக்கு நான் அதிகம் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். மற்ற எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. அது கெட்டுப் போகும்போது சில சமயம் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். மேலே 450 வாட் என்று பெரிதாக இருக்கும். கீழே கட்டத்தில் 12 வோல்ட் வரிசையில் 17 ஆம்பியர் என்று இருந்தால், 12ஐ 17ஆல் பெருக்குங்கள்: 204 வாட். பிராசஸரும் கார்டும் பிழைப்பது அந்த 12 வோல்ட்டில்தான். ஐ3-12100எஃப் முழு மூச்சில் 89 வாட், ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட், இரண்டுமே சேர்த்து 221. அந்த 450 வாட் பெட்டி முதல் நாளே மூச்சு வாங்கும். 8 பின் கனெக்டர் அதில் இருக்காது, மாற்று வயர் போட்டு ஒப்பேற்றுவார்கள். அதைச் செய்யவே கூடாது.

80 பிளஸ் ப்ரான்ஸ் என்ற முத்திரை, சுவரில் இருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதைச் சொல்லும். பாதிச் சுமையில் 85 சதவீதம். அது மட்டும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை. ஷார்ட் சர்க்யூட், அதிக வோல்ட்டேஜ், அதிகச் சுமை இவற்றுக்குத் தடுப்பு உண்டா, வாரண்டி ஐந்து வருடமா என்றும் கேளுங்கள்.

அடுத்து எர்த். பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மேல் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. அங்கே கம்ப்யூட்டரை மாட்டினால் கேபினெட் தகட்டைத் தொடும்போது ஜிவ்வென்று இழுக்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை ஒரு சிறு கசிவை எர்த் வயருக்கு அனுப்பும்படி அமைக்கப்பட்டவை. போக வழி இல்லாதபோது, நம் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி அந்தத் தகட்டில் வந்து நிற்கும். மின்னோட்டம் சிறியதுதான், ஆனால் கம்ப்யூட்டர் ஓடும்போதே மானிட்டர் கேபிளைச் செருகினால் போர்ட்டைச் சுட்டுவிடப் போதும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போட ஆகும் செலவைக் கம்ப்யூட்டர் பட்ஜெட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் சாய்ந்து கரண்ட் போவது எங்களுக்குப் பழக்கம். 600 விஏ யுபிஎஸ் என்பது ஏறக்குறைய 360 வாட். கேம் ஆடும் செட்டுக்கு அது விளிம்பில் நிற்கும், 1 கேவிஏ நிம்மதி. அதுவும் தொடர்ந்து ஆடுவதற்காக இல்லை, சேமித்துவிட்டு ஒழுங்காக அணைப்பதற்காக. சித்திரை, வைகாசி இடிமழைக்கு யுபிஎஸ்ஸும் துணை நிற்காது. வானம் கருத்தால் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குவதுதான் ஒரே வழி. இன்டர்நெட் செம்புக் கம்பியில் வருகிறதென்றால் அதையும் கழற்றுங்கள்.

மின்கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். மானிட்டரோடு சேர்த்து 300 வாட் என்று வைத்துக்கொண்டால், தினம் மூன்று மணி நேர ஆட்டத்துக்கு 0.9 யூனிட், இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் பாதிக்கு மேல் இந்தப் பெட்டி ஒன்றே எடுத்துக்கொள்ளும். வாங்கும் முன்பே அம்மாவிடம் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

வெயில், பனி, மலை வளைவு

குப்பனூரில் கோடை வெயில் சேலத்து வெயில்தான். அறை எத்தனை டிகிரி கூடுகிறதோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி உள்ளே சிப்பும் கூடும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட் பார்க்க அழகு, காற்றுக்கு எதிரி. வலை போட்ட முன்பக்கம், முன்னால் காற்றை இழுக்க ஒன்றோ இரண்டோ ஃபேன், பின்னால் வெளியே தள்ள ஒன்று, இது போதும். விளக்குள்ள ஃபேனுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு ஒரு டிகிரியைக்கூடக் குறைக்காது.

ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பிரச்சினை வேறு: பனிமூட்டமும் ஈரமும். ஜன்னல் ஓரத்தில் பெட்டியை வைக்காதீர்கள். வாரக்கணக்கில் சும்மா போடாமல் அவ்வப்போது ஓட விட்டால் உள்ளிருக்கும் சூடே ஈரத்தை விரட்டும். பின்பக்க ஸ்லாட் மூடிகள் அனைத்தும் இருக்க வேண்டும். வெதுவெதுப்பைத் தேடி எறும்பும் பல்லியும் நுழைவது அந்த ஓட்டை வழியாகத்தான். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒரு பல்லி விழுந்தால் செட் முடிந்தது.

மேலே எடுத்துப் போகும்போது கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே வைத்துக் கையில் கொடுத்துவிடுவேன். பைக்கிலோ பஸ்ஸிலோ அந்த வளைவுகளில் குலுங்கிப் போகும்போது கார்டின் எடையே ஸ்லாட்டைப் பெயர்த்துவிடும். வீட்டில் போய் மறுபடி செருகுவது எப்படி என்று பிள்ளைக்குக் கடையிலேயே இரண்டு தடவை செய்யச் சொல்லிக் காட்டுகிறேன்.

பழைய கார்டு வாங்கலாமா?

வாங்கலாம், சோதித்து. 2022 செப்டம்பர் 15ஆம் தேதி எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், அதைத் தோண்டுவதற்கு இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் உலகம் முழுக்கச் சந்தைக்கு வந்தன. அவற்றில் நல்லவையும் உண்டு. ஃபேன் சத்தம், கழன்ற ஸ்க்ரூ, துரு இவற்றைப் பாருங்கள். அரைமணி நேரம் கனமான ஆட்டம் ஒன்றை ஓட விடுங்கள். திரையில் கட்டம் கட்டமாகவோ வண்ணப் பொட்டாகவோ தெரிந்தால் வேண்டாம். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் கார்டின் உண்மையான விவரத்தைச் சரிபாருங்கள். ஆர்எக்ஸ் 580 என்று விற்கும் கார்டில் 2304 கணக்கிடும் அலகுகள் இருக்க வேண்டும். 2048 என்று காட்டினால், உங்கள் கையில் இருப்பது நடைமுறையில் ஆர்எக்ஸ் 570.

எஸ்எம்பிஎஸ், ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி இம்மூன்றையும் பழையதாக வாங்காதீர்கள். இவை தேய்பவை.

புதிய பாகம் எதுவானாலும் ஜிஎஸ்டி எண்ணும் பாகத்தின் சீரியல் எண்ணும் எழுதிய பில் வேண்டும். ஆன்லைனில் ஐந்நூறு, ஆயிரம் குறைவாகக் கிடைக்கலாம். கார்டு பழுதானால் எங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று அப்போதே விசாரியுங்கள். சேலத்தில் முடிகிற வேலைக்குச் சென்னை வரை கூரியர் அனுப்ப நேர்ந்தால், மிச்சம் பிடித்த ஆயிரம் அதிலேயே போய்விடும்.

பூட்டி முடித்த பிறகு

செட் தயார் ஆனதும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா? உள்ளே கிராபிக்ஸ் இருக்கும் பிராசஸரில் கேபிளை மதர்போர்டில் செருகினாலும் படம் வரும், இருபதாயிரம் ரூபாய்க் கார்டு உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். பயாஸில் எக்ஸ்எம்பி போடப்பட்டிருக்கிறதா? போடாவிட்டால் 3200 ராம் பல போர்டுகளில் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே ஓடும். விண்டோஸில் மானிட்டரின் ஹெர்ட்ஸ் சரியாக இருக்கிறதா? 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை 60இலேயே வைத்து மாதக்கணக்கில் ஆடியவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த மூன்றுக்கும் ஒரு பைசா செலவில்லை.

2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, எங்கள் பக்கத்தில் பல வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். அது பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரைப் பழக்கியது. தானாகப் பாகம் பார்த்துக் கட்டும் கம்ப்யூட்டர் அதற்கு அடுத்த படி. எந்தப் பாகம் என்ன செய்கிறது, எது பழுதானால் எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்த பிள்ளை, மலையிலிருந்து சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டியதில்லை. கேமுக்காக வாங்கிய அதே கார்டில் எங்கள் பிள்ளைகள் வீடியோ எடிட் செய்கிறார்கள், பிளெண்டரில் முப்பரிமாண உருவம் செய்து பழகுகிறார்கள்.

அதனால் கடைக்கு வரும் பெற்றோர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். பட்டியலைப் பிள்ளையே எழுதட்டும். ஒவ்வொரு வரிக்கும் நேராக ஏன் இது, ஏன் இந்த விலை என்று நீங்கள் கேளுங்கள். பதில் சொல்ல முடிந்த வரிகளை வைத்துக்கொண்டு, பதில் வராத வரிகளை அடித்துவிடுங்கள். அப்படி மிஞ்சும் பணத்தை முதலில் எர்த்துக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் கொடுங்கள், அதற்குப் பிறகும் மிஞ்சினால் கிராபிக்ஸ் கார்டுக்கு.